சொன்னதை அப்படியே அடித்தேன்

திண்டிவனத்தில் கோர்ட்டுக்குப் போகிற தெருவில் எனக்கு ஒரு டைப்பிங் கடை இருக்கிறது. ஜெராக்ஸ், லேமினேஷன், ஆன்லைன் அப்ளிகேஷன் என்று போர்டில் வரிசையாக எழுதியிருந்தாலும் எனக்குச் சோறு போடுவது மனுதான். பட்டா மாற்ற மனு, முதியோர் பென்ஷன் மனு, பக்கத்து வீட்டுக்காரன் சாக்கடையை என் வாசலுக்குத் திருப்பிவிட்டான் மனு. வருகிறவர்கள் அழுதுகொண்டே சொல்வார்கள். நான் அழாமல் அடிப்பேன். "அவன் நாசமாப் போவ" என்று அவர்கள் சொன்னால், "மேற்படி நபர் மீது தக்க நடவடிக்கை எடுக்குமாறு பணிவுடன் வேண்டுகிறேன்" என்று என் விரல்கள் தாமாகவே மாற்றிக்கொள்ளும். இத்தனை வருஷத்தில் எவ்வளவு சாபங்களை இப்படிப் பணிவாக்கியிருக்கிறேன் என்று கணக்கில்லை.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். போலீஸ் மேல் மனு என்று யாராவது வந்தால் கரண்ட் இல்லை என்று சொல்லி அனுப்பிவிடுவேன். தலைக்கு மேல் ஃபேன் சுற்றிக்கொண்டிருக்கும்போதே சொல்லியிருக்கிறேன். அவர்களும் ஃபேனை ஒரு தரம் பார்த்துவிட்டு, "சரிக்கா" என்று போய்விடுவார்கள். கடை வைத்துப் பிழைக்கிறவளுக்கு எதற்கு வம்பு என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொள்வேன்.

என் வீட்டுக்காரர் சாமியானா, சேர், சமையல் பாத்திரம் வாடகைக்கு விடுகிறவர். அவருக்கு ஒரு குறை உண்டு. பொய் சொல்ல வராது. நல்ல குணம் என்றுதான் கல்யாணத்துக்கு முன்னால் எங்கள் வீட்டில் சொன்னார்கள். கூட இருந்து பார்த்தால்தான் தெரியும். ஒரு கல்யாண வீட்டுக்காரர், "மழ வந்தா சாமியானா ஒழுவாதுல்ல?" என்று கேட்டார். "ஒழுவுங்க. ரெண்டு எடத்துல நல்லாவே ஒழுவும்" என்றார் இவர். ஆர்டர் போய்விட்டது. அந்தக் கல்யாணத்தில் மழையும் பெய்யவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, அனந்தபுரத்தில் ஒரு காதுகுத்துக்கு நூற்றைம்பது சேர் ஏற்றிக்கொண்டு போனார். எங்கள் சேர் ஒவ்வொன்றின் முதுகிலும் சிவப்பு பெயிண்டில் நம்பர் இருக்கும். இவரே உட்கார்ந்து எழுதியது. போகிற வழியில் ஒரு திருப்பத்தில் வண்டியைப் போலீஸ் நிறுத்தியது. எந்த ஸ்டேஷன் என்று நான் சொல்லப் போவதில்லை. விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் நடுவில் ஏகப்பட்ட திருப்பங்கள் இருக்கின்றன, அதில் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள்.

லைசென்ஸ், ஆர்.சி. புக், இன்சூரன்ஸ் எல்லாம் சரியாக இருந்தன. எஸ்.ஐ. வண்டியைச் சுற்றி வந்து சேர்களைப் பார்த்தார்.

"ஸ்டேஷனுக்குப் பெரிய ஐயா வர்றாரு. நாப்பது சேர் எறக்குடா."

"இன்னிக்கு ஆர்டர் இருக்குதுங்க ஐயா. நாளைக்குக் கொண்டாந்து போடறேங்க."

"அவரு இன்னிக்குத்தான்டா வர்றாரு."

வேறு யாராக இருந்தாலும் இந்த இடத்தில் தலையைச் சொறிந்துகொண்டு இரண்டு சிரிப்பு சிரித்திருப்பார்கள். இவர் உண்மையைச் சொன்னார்.

"அப்போ நேத்தே சொல்லியிருக்கணும்ங்க ஐயா."

இடது கன்னத்தில் அறை விழுந்தது. கன்னத்தில் என்று சொல்கிறோமே தவிர, பாதி கை காதில். இவர் அப்படியே வண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். அதற்குள் போலீஸ்காரர்கள் இரண்டு பேர் ஏறி நாற்பது சேரை இறக்கி ஜீப்புக்குப் பின்னால் அடுக்கிவிட்டார்கள். மீதி நூற்றுப்பத்தோடு இவர் அனந்தபுரம் போய், காதுகுத்து வீட்டில் தார்ப்பாயை விரித்து ஜனங்களை உட்கார வைத்து, அவர்களிடமும் ஏச்சு வாங்கிக்கொண்டு வந்தார்.

வீட்டுக்கு வந்தபோது மூன்றரை மணி இருக்கும். முகம் ஒரு பக்கம் வீங்கியிருந்ததை நான் கவனிக்கவில்லை. "சோறு போடவா?" என்று கேட்டேன்.

"சேரா? அதுல நாப்பது ஸ்டேஷன்ல இருக்குது" என்றார்.

இரண்டு தரம் கேட்டும் அதே பதில். அப்புறம்தான் இடது பக்கமாக நின்று நான் பேசுவது அவருக்கு விழவில்லை என்று புரிந்தது. காதுகுத்துக்குப் போனவர் தன் காதைக் கொடுத்துவிட்டு வந்திருந்தார். இப்போது இதைச் சிரித்துக்கொண்டு எழுதுகிறேன். அன்றைக்குத் தட்டை அப்படியே வைத்துவிட்டு அடுப்படியில் போய் உட்கார்ந்தேன். வந்தது கோபமா பயமா என்று எனக்கே தெரியவில்லை.

அரசாங்க ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். டியூட்டியில் இருந்த டாக்டர் சின்னப் பெண். காதுக்குள் லைட் அடித்துப் பார்த்துவிட்டு, "எப்படி ஆச்சு?" என்றாள்.

நான் முந்திக்கொண்டேன். "பாத்ரூம்ல வழுக்கி வுழுந்துட்டாருங்க மேடம்."

"இல்லீங்க மேடம். எஸ்.ஐ. அடிச்சாரு" என்றார் இவர்.

டாக்டர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "எஸ்.ஐ. உங்க பாத்ரூமுக்கு எதுக்கு வந்தாரு?" என்று கேட்டாள்.

எனக்கு முகம் செத்துவிட்டது. இவர் நிதானமாக நடந்ததைச் சொன்னார். அவள் மறுபேச்சு இல்லாமல் விபத்துப் பதிவேட்டில், எங்கே, எப்போது, யார் அடித்தது என்று அவர் சொன்னபடியே எழுதினாள். காது ஜவ்வில் ஓட்டை என்றும் எழுதினாள். சீட்டைக் கையில் கொடுக்கும்போது என்னைப் பார்த்து, "இதப் பத்திரமா வெச்சிக்குங்க" என்றாள்.

மறுநாள் கடையில் உட்கார்ந்து மனு அடித்தேன். ஊருக்கெல்லாம் அடித்தவளுக்குத் தன் மனுவை அடிக்க வரவில்லை. "உயர்திரு" என்று ஆரம்பித்து, அடுத்த வரியில் "நாசமாப் போவ" என்று அடித்துவிட்டு அழித்தேன். ஒரு பக்க மனுவுக்கு அரை நாள் ஆனது. கடைசியில் 61 முதல் 100 வரை எண்ணிட்ட நாற்பது பிளாஸ்டிக் நாற்காலிகள் என்பதையும் சேர்த்து, ஆஸ்பத்திரிச் சீட்டின் நகலையும் வைத்து, புதன்கிழமை விழுப்புரம் பஸ் ஏறினோம். மாவட்ட போலீஸ் ஆபீஸில் அன்றைக்குத்தான் மனு வாங்குகிறார்கள். விக்கிரவாண்டி டோல்கேட்டில் பஸ் நின்றபோது இவர், "வேணான்னா எறங்கிடலாம்" என்றார். நான் மனுக் கவரை மடியில் அழுத்திப் பிடித்துக்கொண்டேன். பதில் சொல்லியிருந்தாலும் விழுந்திருக்காது, ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த என் பக்கம் இவருடைய இடது காதுதான் இருந்தது.

அங்கே மரியாதையாகத்தான் நடத்தினார்கள். மனுவைப் படித்த அதிகாரி, "கண்டிப்பா விசாரிக்கச் சொல்றேம்மா" என்றார். மனு நம்பர் போனுக்கே வந்தது. எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது. பஸ் ஸ்டாண்டில் பஜ்ஜி வாங்கித் தின்றோம்.

எட்டாம் நாள் போன் வந்தது.

"நீங்க குடுத்த மனு விசாரணைக்கு வந்திருக்குதும்மா. காலைல பத்து மணிக்கு ரெண்டு பேரும் வாங்க."

"எங்கங்க வரணும்?"

போலீஸ்காரர் ஸ்டேஷன் பேரைச் சொன்னார். அதே ஸ்டேஷன்.

"யாருங்க விசாரிக்கறாங்க?"

"நம்ம எஸ்.ஐ. ஐயாதான்."

மேலே போன மனு ஆபீஸ் ஆபீஸாக இறங்கி, கடைசியில் யார்மேல் கொடுத்தோமோ அவர் மேஜையிலேயே வந்து உட்கார்ந்துவிட்டது. போனை வைத்துவிட்டு எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்க முடியவில்லை. ஜெராக்ஸுக்கு நின்றவர், "இன்னாக்கா, நல்ல சேதியா?" என்று கேட்டார்.

ஸ்டேஷனுக்குள் நுழைந்ததும் முதலில் கண்ணில் பட்டது எங்கள் சேர்கள். வாசலில் நாலு, ரைட்டர் மேஜைக்கு ஒன்று, சுவரோரம் வரிசையாக ஒரு பத்து. எஸ்.ஐ.யின் சுழல் நாற்காலி ரிப்பேர் போலிருக்கிறது, மூலையில் சாய்ந்து கிடந்தது. அவர் உட்கார்ந்திருந்தது எங்கள் எழுபத்திரண்டாம் நம்பர். நாங்கள் நின்றுகொண்டிருந்தோம்.

"மனுல்லாம் குடுக்கற அளவுக்கு ஆயிட்டீங்க" என்றார்.

நல்லவேளை, அது கேள்வி இல்லை. யாரும் கேள்வி கேட்காதவரை இவரால் ஆபத்தில்லை.

அவருடைய விளக்கத்தையும் எங்கள் வாக்குமூலத்தையும் பதிவு செய்து மேலே அனுப்ப வேண்டுமாம். டைப் அடிக்கிற போலீஸ்காரர் எங்கேயோ திருவிழா பந்தோபஸ்துக்குப் போயிருந்தார். எஸ்.ஐ. கம்ப்யூட்டரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"நீ டைப்பிங் கடைதான வெச்சிருக்கற?"

"ஆமாங்க."

"அப்போ நீயே அடி."

தொண்ணூற்றொன்றாம் நம்பர் சேரை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். அவர் ஒரு விரலை நீட்டினார். "உன் சாமர்த்தியத்த எல்லாம் இங்க காட்டாத. நான் சொல்றத அப்படியே அடி. ஒரு வார்த்த மாத்தக்கூடாது."

"மாத்தாம அடிக்கறேங்க" என்றேன்.

அவர் சொன்ன அந்தப் பேச்சையே முதல் வரியாக அடித்தேன். முதலில் வேண்டுமென்று செய்தேன் என்று சொல்ல முடியாது. கை ஓடிவிட்டது. இரண்டாம் வரி அடிக்கும்போதுதான் என்ன செய்கிறேன் என்று எனக்கே தெரிந்தது. அதற்கப்புறம் நிறுத்த மனசு வரவில்லை. எத்தனையோ பேருடைய பேச்சைச் சுத்தம் செய்து கொடுத்தவள் நான். இந்த மனுஷருக்கு அந்த வேலையைச் செய்ய வேண்டாம் என்று முடிவெடுத்தேன்.

அவர் காலை நீட்டிக்கொண்டு சொல்ல ஆரம்பித்தார். "மேற்படி நபரை நான் அடிக்கல. அடின்னா இன்னா, ஒரே ஒரு தட்டு. அதுவும் மெதுவாத்தான். காது அவ்ளோ வீக்கா இருக்கும்னு எனக்கு எப்படித் தெரியும்? அடிச்சிக்கினு வர்றியா?"

"அடிச்சிக்கினுதான் இருக்கறேங்க."

அதையும் அடித்தேன்.

"சேர் பத்தி இன்னா போடட்டும்ங்க?" என்று கேட்டேன்.

"சேரு எங்க போச்சு? தோ கெடக்குது. நான் குந்திக்கினு இருக்கறதே அதுலதான். யாரு துன்னுட்டாங்க? பெரிய ஐயா வந்தாரு, போனாரு. திருப்பிக் குடுக்க நேரம் இல்ல. அவ்ளோதான்."

நடுவில் அவருக்கு ஒரு போன். நண்பர் யாரோ, பிறந்தநாள் விசேஷத்துக்கு ஏற்பாடு செய்துகொண்டிருக்கிறார் போல. "சேரா? நம்மகிட்டயே நாப்பது இருக்குதுய்யா. வண்டி அனுப்பு. வாடகை எல்லாம் ஒண்ணும் வேணாம், நம்ம சேருதான்" என்றார். நான் விரலைத் தூக்கிக்கொண்டு, இதையும் போடவா என்பதுபோல் அவரைப் பார்த்தேன். போனைக் காதிலிருந்து எடுக்காமல், "அடி அடி" என்று கையை ஆட்டினார். அடித்தேன்.

அங்கே ஒரு ஏட்டம்மா இருந்தார். ஐம்பது வயசுக்கு மேல் இருக்கும், கூந்தலில் வெள்ளை ஏறியிருந்தது. ஏதோ ஃபைல் எடுக்க என் பின்னால் வந்தவர் நின்றுவிட்டார். திரையைப் படிக்கிறார் என்று முதுகிலேயே தெரிந்தது. என் கை நின்றுபோனது. முடிந்தது கதை என்று நினைத்தேன். அவர் குனிந்து, "பக்க நம்பர் போடும்மா. மூணு காப்பி எடு" என்று மட்டும் சொல்லிவிட்டு ஃபைலோடு போய்விட்டார்.

கடைசியாக எஸ்.ஐ., "மேற்கொண்டு நடவடிக்கை தேவையில்லன்னு அவங்களே சொல்லிட்ட மாதிரி முடிச்சிடு" என்றார். "சொல்லிட்ட மாதிரி முடிச்சிடு" என்றே முடித்தேன். அதற்குக் கீழே வழக்கமான வரியைப் போட்டேன்: படித்துப் பார்த்தேன், சரியாக உள்ளது.

பிரிண்டர் மூன்று பக்கத்தை மூன்று காப்பியாகத் துப்பியது. எஸ்.ஐ. பேனாவை எடுத்தார். அந்த நேரம் பார்த்து இவர் வாயைத் திறந்தார்.

"ஐயா, படிச்சிப் பாத்துட்டுப் போடுங்க ஐயா."

எனக்கு உயிர் போய் வந்தது. எஸ்.ஐ. அவரைப் பார்த்து, "நீ எனக்குச் சொல்லித் தர்றியா?" என்றார். மூன்று காப்பியிலும் பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்துப் போட்டு, சீலையும் அவரே குத்தினார். எங்கள் வாக்குமூலத்துக்கு வேறு ஒரு தாள். அதில் என் வீட்டுக்காரர் நடந்ததை நாலு வரியில் தன் கையாலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டார். நேராகத் தபாலில் போட்டுவிடச் சொல்லி எஸ்.ஐ. ஏட்டம்மாவிடம் கொடுத்தார். ஏட்டம்மா அவர் கண் முன்னாலேயே கவரில் போட்டு ஒட்டினார். எச்சில் தொட்டு ஒட்டினார், நன்றாக அழுத்தி.

வெளியே வந்ததும் இவர், "நீ அடிச்சது தப்பு இல்லயா?" என்று கேட்டார். நான் யோசித்துப் பார்த்தேன். ஒரு எழுத்து கூட்டவில்லை, ஒரு எழுத்து குறைக்கவில்லை. "இல்லீங்க" என்றேன். "அப்போ சரி" என்று வண்டியை எடுத்தார். ஆனாலும் மூன்று வாரம் எனக்குத் தூக்கம் சரியில்லை. வாசலில் புல்லட் சத்தம் கேட்டால் எழுந்துபோய் எட்டிப் பார்ப்பேன்.

அப்புறம் ஒரு பெரிய அதிகாரி கூப்பிட்டனுப்பினார். டி.எஸ்.பி. அம்மா. அவர் ரூமில் எஸ்.ஐ. விறைப்பாக நின்றுகொண்டிருந்தார். எங்களை உட்காரச் சொன்னார்கள். டி.எஸ்.பி. அம்மா மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, அந்த மூன்று பக்கத்தையும் சத்தமாகப் படித்தார். "யாரு துன்னுட்டாங்க" என்ற இடம் வரும்போது ஒரு தரம் இருமினார். "அடி அடி" என்ற இடத்தில் தண்ணீர் குடித்தார். எஸ்.ஐ.யின் காது சிவந்துகொண்டே வந்தது.

"இத அடிச்சது யாரு?" என்று கேட்டார்.

"அவருதாங்க மேடம்" என்று என் வீட்டுக்காரர் எஸ்.ஐ.யைக் காட்டினார்.

"காத கேக்கல. இந்த டைப்ப."

"நாந்தாங்க" என்றேன்.

"ஏம்மா, இப்படியா அடிப்பாங்க?"

"அப்படியே அடிக்கச் சொன்னாருங்க மேடம். அதுவும் மொத வரியிலயே இருக்குது."

அவர் முதல் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார். இருந்தது. எஸ்.ஐ. பக்கம் திரும்பி, "இது உங்க கையெழுத்தா?" என்றார்.

"ஆமாங்க மேடம்."

"படிச்சிப் பாத்தீங்களா?"

எஸ்.ஐ. என் பக்கம் திரும்பிப் பார்த்தார். படித்தேன் என்றாலும் மாட்டிக்கொள்வார், படிக்கவில்லை என்றாலும் மாட்டிக்கொள்வார். அந்த ஒரு நிமிஷம் எனக்கு அவர்மேல் பரிதாபம்கூட வந்தது. டி.எஸ்.பி. அம்மாவின் முகத்தில் இப்போது சிரிப்பு இல்லை. என் வீட்டுக்காரரைப் பக்கத்தில் கூப்பிட்டு, எந்தக் காது என்று கேட்டார். எவ்வளவு தூரம் கேட்கிறது, மருந்து போடுகிறீர்களா, வேலை எப்படி என்று விசாரித்தார். எத்தனை பேர் பார்த்தார்கள் என்றும் கேட்டார். இவர் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார். "நீங்களும் அவர்கிட்ட ஏதாவது எடுத்தெறிஞ்சி பேசினீங்களா?" என்றதற்கு, "நேத்தே சொல்லியிருக்கணும்னு சொன்னேங்க. அது தப்புங்களா மேடம்?" என்றார். அம்மா அதையும் அப்படியே எழுதிக்கொண்டார்.

அந்த வாரமே சேர்கள் வந்தன. போலீஸ் வேனில். முப்பத்தெட்டு. எண்பத்தி மூன்றும் தொண்ணூற்றாறும் வரவில்லை, எங்கே போயின என்று யாருக்கும் தெரியவில்லை. இறக்கிவைத்த போலீஸ்காரர் ரொம்ப மரியாதையாக, "எங்க போடட்டும்ங்க?" என்று கேட்டார். தெருவே வேடிக்கை பார்த்தது. எஸ்.ஐ.யை ஆயுதப்படைக்கு மாற்றிவிட்டார்கள் என்று கோர்ட்டுக்கு வருகிறவர்கள் சொன்னார்கள். துறை விசாரணை நடந்தது. இரண்டு தரம் என்னைக் கூப்பிட்டுக் கேட்டார்கள், இரண்டு தரமும் ஒரே பதிலைச் சொன்னேன். கேஸ் போடவில்லையா என்று வக்கீல்கள் கேட்கிறார்கள். கோர்ட்டில் ஒரு மனு நிலுவையில் இருக்கிறது, வாய்தா ஓடிக்கொண்டிருக்கிறது. காதை மூன்று மாசம் கழித்துப் பார்த்த டாக்டர், ஓட்டை மூடிக்கொண்டது, ஆனால் கேட்பது முழுசாக வராது என்றார். சில நேரம் உள்ளே பூச்சி கத்துகிற மாதிரி இருக்கிறதாம்.

என் கடைக்கு இப்போது புது மாதிரி மனுக்கள் வருகின்றன. கண்டாச்சிபுரம் பக்கத்திலிருந்து ஒரு மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, வியாபாரி, மகனை இரண்டு நாள் ஸ்டேஷனில் உட்கார வைத்ததற்கு எழுத வேண்டும் என்று வந்தார். கோட்டக்குப்பத்திலிருந்து ஒரு அம்மா, பாஸ்போர்ட் விசாரணைக்கு வந்தவர் பேசிய பேச்சை எழுத வேண்டும் என்று வந்தார். பயந்து பயந்து, "கரண்ட் இருக்குதுங்களா?" என்று கேட்டுக்கொண்டே வருகிறவர்களும் உண்டு. நான் யாரை எல்லாம் அப்படித் திருப்பி அனுப்பினேனோ, அவர்களில் ஒருவர்கூடத் திரும்பி வரவில்லை. அது ஒன்றுதான் உறுத்துகிறது. வருகிறவர்களிடம் நான் சொல்வது ஒன்றே ஒன்று: முதலில் ஆஸ்பத்திரிக்குப் போங்க, அங்க பாத்ரூம்னு சொல்லாதீங்க.

போன மாசம் விசாரணை முடிவு தபாலில் வந்தது. ஒரே பக்கம். மேற்படி உதவி ஆய்வாளர் மீதான குற்றச்சாட்டு நிரூபணமானதாகவும், துறைரீதியாகத் தண்டனை வழங்கப்பட்டதாகவும் தெரிவிக்கப்படுகிறது என்று இருந்தது. என்ன தண்டனை என்று இல்லை. வருத்தம் என்ற வார்த்தையும் இல்லை. நான் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு ஒரு மனு அடித்து அனுப்பியிருக்கிறேன்.

இவர் அந்தக் கடிதத்தைக் கையில் வாங்கி மெதுவாகப் படித்தார். "நிரூபணம்னா, நான் சொன்னது நெஜம்னு தான?" என்று கேட்டார்.

"ஆமாங்க."

"அது எனக்கு மின்னயே தெரியுமே" என்றார். அப்புறம், "லேமினேஷன் பண்ணிடலாமா?" என்றார். கோர்ட்டில் ஒரிஜினல் கேட்பார்கள், லேமினேஷன் செய்யக்கூடாது, ஜெராக்ஸ் எடுத்து அதை வேண்டுமானால் செய்து தருகிறேன் என்றேன். சரி என்று தலையாட்டிவிட்டு, கண்டாச்சிபுரத்தில் ஒரு வளைகாப்புக்குச் சாமியானா கட்டப் போனார். வானம் கறுத்துக்கொண்டிருந்தது. அந்த வீட்டுக்காரர்களிடம் என்ன சொல்லி ஆர்டர் பிடித்தாரோ, எனக்குத் தெரியாது.